பெஞ்சில் இடம்

பள்ளியில் சேரத் தடையில்லை என்பதும், சேர்ந்த பிள்ளைக்கு அங்கே உட்கார இடமுண்டு என்பதும் ஒன்றல்ல என்பதற்கு அன்றைய திருவிதாங்கூரின் நெய்யாற்றின்கரைத் தாலுகாவே சான்று. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற திருவிதாங்கூர் அரசாணையின் பலத்தில், பஞ்சமி என்ற சிறுமியை, ஒடுக்கப்பட்டோர் உரிமைக்குப் போராடிய அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்று அமர்த்தியபோது, அதைப் பொறாத ஆதிக்கச் சாதியினர் பள்ளியையே எரித்தனர்; கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே காக்கப்படுகிறது. ஆணை பிறப்பித்த அரசு, அதை நடத்திக்காட்டும் பொறுப்பை ஒரு சிறுமியின் தலையில் ஏற்றிவிட்டிருந்தது.

அந்தப் பொறுப்பை அரசின் தோளுக்கு மாற்றுவதே குழந்தை உரிமை என்னும் கருத்து. 1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்று, 1992இல் இந்தியாவும் இணைந்த குழந்தை உரிமை உடன்படிக்கை, கல்வி பெறும் உரிமையோடு நில்லாமல், குழந்தையின் சொந்த மொழிக்கு மதிப்பு வளர்ப்பதையும் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாக வைக்கிறது.

இதே தாலுகாவில் பாறசாலையை அடுத்துள்ள குளத்தூர்ப் பகுதியில் சொந்த மொழி பற்றிய இக்கூற்றுக்குத் தனிப் பொருளுண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது; எல்லைக்கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி, கேரளப் பக்கம் நின்ற தமிழ் வீடுகளின் பேச்சில் விழவில்லை. அவ்வாண்டிலேயே அரசமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ 'இயன்றவரை' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. இயலாமைக்கு வாசல் திறந்துவைக்கும் சொல் அது. 2017இல் கேரளம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. எல்லையூர்த் தமிழ்ப் பிள்ளை மலையாளம் கற்பதில் இழப்பேதும் இல்லை, அது அண்டை வீட்டின் மொழி, அலுவலகத்தின் மொழி. தமிழ் கற்பிக்க ஆசிரியர் இல்லாத வகுப்பில் அதுமட்டுமே எஞ்சும்போதுதான் உரிமைக் கேள்வி எழுகிறது.

அக்கேள்வியை யார் எழுப்புவது? தன்னைப் பற்றிய முடிவுகளில் குழந்தையின் கருத்தும் கேட்கப்பட வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. கல்வி உரிமைச் சட்டம் வகுத்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கேனும் பெற்றோருக்கு, எஞ்சியது ஆசிரியருக்கும் உள்ளாட்சி உறுப்பினருக்கும்; மொத்த இடங்களில் பாதி பெண்களுக்கு. பிள்ளைக்கென்று ஓர் இருக்கையை அச்சட்டப் பிரிவு ஒதுக்கவில்லை.