வெள்ளிக்குறிச்சிக்குப் போன அரசர்

மதுரைக்கு வருகிறவர்கள் புதுமண்டபத்துக்குள் நுழைந்தால், தூணோடு தூணாக நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்பதைப் பார்க்கலாம். விஸ்வநாதர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரை பத்துப் பேர். திருமலையின் சிலையருகே கொஞ்சம் நில்லுங்கள். தொந்தி, இடுப்பில் குத்துவாள், பக்கத்தில் தேவியர். ஊரைக் கட்டி ஆண்ட மனிதரின் நிமிர்வு கல்லில் அப்படியே இருக்கிறது.

அவருக்குப் பின் வந்தவர்களைப் பார்க்கக் கோவிலுக்குள் போகவேண்டும். பொற்றாமரைக் குளத்தங்கரையில் ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் மீனாட்சி திருக்கல்யாணத்தைத் தீட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்யாணத்தைத் தரிசிக்கிறவர்களில் ராணி மங்கம்மாளும் பேரன் விஜயரங்க சொக்கநாதரும் உண்டு. கைக்குழந்தையாக இருக்கும்போதே பேரனுக்குப் பட்டம் கட்டிவிட்டு, 1689 முதல் பாட்டிதான் ஆண்டார். 1706 வாக்கில் பொறுப்பு கைக்கு வந்த பிறகும் விஜயரங்கரின் மனம் தல யாத்திரையிலும் கோவில் கொடையிலுமே இருந்தது. நிர்வாகம் அதிகாரிகளிடம் போயிற்று. ஸ்ரீரங்கம் கோவிலில் அவருடைய தந்தச் சிலையை இன்றும் காணலாம். பக்தராக அவரை நான் மதிக்கிறேன். ஆனால் சம்பளம் வராத படைக்கும், வரிச்சுமை தாங்காத குடிக்கும் அந்தப் பக்தி உதவவில்லை.

1732-ல் அவர் பிள்ளையில்லாமல் இறந்தார். ராணி மீனாட்சி, உறவினர் பங்காரு திருமலையின் மகன் விஜயகுமாரனைத் தத்தெடுத்தார். மகனுக்குப் பட்டமா, தகப்பனுக்குப் பட்டமா என்று வீட்டுக்குள்ளேயே வழக்கு. பஞ்சாயத்துப் பேச வந்த ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப், சத்தியம் செய்து ராணியை நம்பவைத்து, திருச்சிக் கோட்டையையே எடுத்துக்கொண்டார். ராணி விஷம் அருந்தி மாண்டார். சில ஆண்டுகளில் பங்காரு திருமலையையும் விஷம் வைத்தே கொன்றதாகச் சொல்கிறார்கள்.

மிஞ்சியது விஜயகுமாரன். நாடு இல்லை, படை இல்லை. பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரின் மதிப்பை மற்றவர்கள் அறிந்திருந்தார்கள். 1750-களின் தொடக்கத்தில் இராமநாதபுரத்துத் தளவாய் வெள்ளையன் சேர்வைக்காரரும் சிவகங்கைப் பிரதானி தாண்டவராய பிள்ளையும் மதுரைக் கோட்டையிலிருந்த அந்நியப் படையை விரட்டி, இவரை அழைத்துவந்து அரியணையில் அமர்த்தியதாக மதுரையின் பழைய ஏடுகள் கூறுகின்றன. அந்த ஆட்சி நீடிக்கவில்லை. அடுத்த படை வந்ததும் அவர் சிவகங்கைச் சீமைக்கு ஒதுங்கினார். தெற்கே இவர், வடக்கே டில்லிப் பாதுஷாக்கள். அங்கேயும் அந்தக் காலத்தில் அரசரை அமர்த்தியதும் இறக்கியதும் அமைச்சர்களும் படைத்தலைவர்களும்தான்.

விஜயகுமாரன் போன வழியில் நீங்களும் போகலாம். மதுரையிலிருந்து இராமேஸ்வரம் போகும் ரயிலில் ஏறினால் வைகையை ஒட்டியே பயணம். சிலைமான், அதற்கு அருகே அகழாய்வு நடந்த கீழடி, பிறகு திருப்புவனம். மழைக்காலத்தில் மட்டும் நிறையும் கண்மாய்கள், கரையில் பனைகள், பிற மாதங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். கடம் செய்கிற மானாமதுரையில் இறங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து வெள்ளிக்குறிச்சியில்தான் நாயக்க வம்சத்தின் கடைசி வாரிசுகள் குடியமர்ந்தார்கள்.

சந்தா சாகிபும் போனார். பிறகு மதுரையை ஆண்ட யூசுப் கானை 1764-ல் தூக்கிலிட்டார்கள். 1801-ல் சீமை முழுவதும் கும்பினியார் கைக்குப் போயிற்று. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்கிற கூட்டத்தில் பத்தில் ஒருவராவது வெள்ளிக்குறிச்சி வரைக்கும் இந்தக் கதையைத் தொடர்ந்து கேட்க வேண்டும் என்பது என் ஆசை. மகாலில் வழிகாட்டிகள் திருமலையோடு நிறுத்தினால், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.