கையொப்பமும் ஊர்ஜிதமும்



வெளியூர்களில் வாழும் நாம் ஆங்காங்கே சங்கங்கள் அமைத்துக் கொண்டிருக்கிறோம். புதிதாக ஒருவர் சங்கத்தில் சேர வேண்டுமானால் சந்தாவைக் கட்டி, விண்ணப்பத்தில் கையெழுத்திட்டால் பெரும்பாலும் காரியம் முடிந்து விடுகிறது. நிர்வாகக் குழுவில் யாரேனும் ஒருவர் முகம் சுளித்தாலும் பெரும்பான்மையோர் இசைந்தால் போதும். ஆனால் பழைய அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிற்குச் சென்று, குடும்பத்தார் அனைவரையும் கூட்டி, அவர்களுடைய சம்மதத்தை எழுத்தில் பெற்று வந்தால்தான் புதியவரைச் சேர்க்கலாம் என்று ஒரு விதி இருக்குமானால் எப்படியிருக்கும்? நேட்டோ என்று சுருக்கமாக வழங்கும் வட அட்லாண்டிக் ராணுவக் கூட்டில் உள்ள விதி ஏறக்குறைய இதுவே.

1949-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி வாஷிங்டன் நகரில் 12 நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. அதில் 14 ஷரத்துக்களே உண்டு. ஐந்தாவது ஷரத்தை உலகம் நன்கு அறியும்: ஓர் அங்கத்தினரைத் தாக்கினால் அது எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளப்படும். பத்தாவது ஷரத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மற்றோர் ஐரோப்பிய நாட்டை அழைக்க வேண்டுமாயின் அங்கத்தினர் அனைவரும் ஒருமனதாக இசைய வேண்டும் என்கிறது அது. இந்த இசைவு தலைவர்கள் மாநாட்டில் கைகுலுக்கிப் படம் எடுத்துக் கொள்வதோடு முடிவதன்று. ஒவ்வொரு நாடும் தன் அரசியல் சட்டம் வகுத்த வழியில், பெரும்பாலும் தன் பாராளுமன்றத்தின் வாயிலாக, அதை ஊர்ஜிதம் செய்ய வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை. 'நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன' என்று நாம் ஒரே மூச்சில் எழுதி விடுகிறோம். உண்மையில் கையொப்பம் வேறு, ஊர்ஜிதம் வேறு. முன்னது நிச்சயதார்த்தம், பின்னது முகூர்த்தம். இரண்டிற்கும் இடையே எவ்வளவோ நேரலாம். அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சர்வதேச சங்கத்தை அமைக்க அரும்பாடு பட்டார். வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் கையொப்பமும் இட்டார். ஆயினும் அவர் நாட்டுச் செனெட் சபை 1920-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இறுதியாக வாக்கெடுத்தபோது ஆதரவு 49, எதிர்ப்பு 35. பெரும்பான்மை கிடைத்தும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. ஏழு வாக்குகள் குறைந்தன. தான் முன்னின்று அமைத்த சங்கத்தில் அமெரிக்கா கடைசி வரையில் சேரவே இல்லை.

இனிப் பின்லாந்து, சுவீடன் கதைக்கு வருவோம். சுவீடன் 1814-க்குப் பிறகு எந்த யுத்தத்திலும் இறங்காத நாடு. பின்லாந்தோ ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை கொண்டது. 1939-ல் தொடங்கிய குளிர்காலப் போரில் நிலத்தை இழந்து, பின்னர் எந்தப் பக்கமும் சாயாமல் எச்சரிக்கையோடு காலங்கழித்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைன் முழுவதன் மேலும் பாய்ந்தபோது, பல பத்தாண்டுக் கொள்கையை இரு நாடுகளும் சில வாரங்களிலேயே மாற்றிக் கொண்டன. மே 18-ஆம் தேதி விண்ணப்பம் கொடுத்தன. ஜூலை 5-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில் சேர்க்கை ஆவணங்களில் கையொப்பமாயின. அப்பொழுது கூட்டில் இருந்தவை 30 நாடுகள். ஆகவே 30 ஊர்ஜிதங்கள் வேண்டியிருந்தன.

அன்றைய தினமே கனடா, டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து ஆகியவை தம் பங்கை முடித்தன. பிரிட்டனில் உடன்படிக்கைகளைச் சபையின் முன் 21 கூட்ட நாட்கள் வைத்திருக்க வேண்டுமென்பது சட்டம். அவசரம் கருதி அந்தக் காத்திருப்பும் விலக்கப்பட்டது. அமெரிக்கச் செனெட்டில் ஆகஸ்டு 3-ஆம் தேதி ஆதரவாக 95 வாக்குகள், எதிராக ஒன்றே ஒன்று. இலையுதிர் காலத்திற்குள் எஞ்சியவை இரண்டே: துருக்கியும் ஹங்கேரியும்.

இந்த இடைக்காலந்தான் கவலைக்குரியது. விண்ணப்பம் செய்தவன் தன் பழைய நடுநிலையை விட்டுவிட்டான். ஐந்தாவது ஷரத்தின் காவலோ இன்னும் அவனுக்கு இல்லை. பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுப் புது வீட்டின் சாவிக்காகத் தெருவில் பெட்டியோடு நிற்பவனின் நிலை. மாற்றலுக்கு ஆளாகி ஊர் ஊராகச் சென்ற நம்மில் பலருக்கு அது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை முன்கூட்டியே உணர்ந்துதான், 2022 மே மாதத்திலேயே பிரிட்டன் இரு நாடுகளுக்கும் தனியாக உதவி வாக்குறுதி அளித்தது.

துருக்கியின் குறை, தன்னை எதிர்த்து ஆயுதம் ஏந்திய குர்து இயக்கத்தாருக்குச் சுவீடன் புகலிடம் தருகிறது என்பது. சுவீடன் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. பயங்கரவாதத்திற்கு எதிரான புதிய சட்டத்தை 2023 ஜூன் முதல் அமல் செய்தது. ஹங்கேரியின் மனத்தாங்கல் வேறு விதமானது. தன் ஜனநாயகத்தைப் பற்றிச் சுவீடன் அரசியல்வாதிகள் குறை பேசினார்களாம். முடிவில் இரு பாராளுமன்றங்களும் 2023 மார்ச்சில் பின்லாந்தை மட்டும் ஏற்றன. அவ்வாண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, உடன்படிக்கையின் 74-ஆவது ஆண்டு நிறைவன்று, பின்லாந்து 31-ஆவது அங்கத்தினராயிற்று. ஒன்றாகப் புறப்பட்ட இருவரில் ஒருவர் மட்டும் வாசலில் நின்றார்.

துருக்கியின் சபை 2024 ஜனவரி 23-ஆம் தேதி 287-க்கு 55 என்ற கணக்கில் இசைந்தது. அதே வாரத்தில், துருக்கிக்குப் போர் விமானங்கள் விற்க அமெரிக்க அரசாங்கம் அனுமதி வழங்கியது. பிப்ரவரி 23-ஆம் தேதி சுவீடன் பிரதமர் புடாபெஸ்டுக்குப் போனார். நான்கு விமானங்களுக்கு உடன்பாடு ஏற்பட்டது. மூன்று நாள் கழித்து ஹங்கேரியின் சபை 188-க்கு 6 என்று வாக்களித்தது. விமானத்திற்கும் வாக்கிற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இதைக் கண்டு, ஒருமனத் தீர்மானமே வீண் தொல்லை என்பவர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பிறர் நாட்டிற்காகத் தன் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பச் சம்மதிப்பது சாமானிய வாக்குறுதி அன்று. அதை அமைச்சர்கள் மட்டும் கொடுப்பதைவிட மக்கள் பிரதிநிதிகள் பகிரங்கமாகக் கொடுப்பதே மேல். வட மாசிடோனியா விஷயத்தில், பெயர்த் தகராறினால் பல்லாண்டு தடுத்து நின்ற கிரீஸ், தகராறு தீர்ந்ததும் 2019-ல் எல்லோருக்கும் முதலாக ஊர்ஜிதம் செய்தது. ஆனால் அங்கே தகராறு இருவருக்கும் நேரடியானது. சம்பந்தமில்லாத சாமான்களுக்கு விலை பேச வாக்கைப் பிடித்து வைப்பதுதான் எனக்கு ஒவ்வாதது.

நம் நாடு எந்த ராணுவக் கூட்டிலும் சேர்ந்ததில்லை. உடன்படிக்கையை ஊர்ஜிதம் செய்வதும் இங்கே மந்திரி சபையின் அதிகாரம். அதை நிறைவேற்றச் சட்டம் தேவையானால் 253-ஆவது விதியின்படி பாராளுமன்றம் இயற்றும். நிலத்தைப் பிற நாட்டிற்கு விட்டுக் கொடுப்பதானால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று பேரூபாரி விவகாரத்தில் 1960-ல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அவ்வளவே.

ஊர்ஜிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பின், சேர்க்கைப் பத்திரத்தை ஒப்படைக்க வேண்டிய இடம் பிரஸ்ஸல்ஸ் தலைமையகம் அன்று. 1949-ஆம் வருஷத்து ஷரத்தின்படி வாஷிங்டன். 2024 மார்ச் 7-ஆம் தேதி சுவீடன் பிரதமர் அங்கே சென்று அக்காகிதத்தைக் கொடுத்தார். விண்ணப்பித்து ஏறத்தாழ 22 மாதங்கள் ஆகியிருந்தன. நான்கு நாள் கழித்து, பிரஸ்ஸல்ஸில் முப்பத்திரண்டாவது கொடி ஏற்றப்பட்டது.