காணாமல் போன 52 கிரெய்ன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில், இயற்பியல் துறை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



சங்கச் செயலாளர் எனக்கு ஹாஸ்டல் ரூம் மேட். போன் பண்ணி, "மினசோட்டாவிலே இத்தனை வருஷமா இருக்கே, ஏதாவது உருப்படியா பேசுடா" என்றார். "மான் வேட்டையிலே துப்பாக்கிக் குண்டு எப்படி வேலை செய்யுதுன்னு பேசட்டுமா?" என்று கேட்டேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு, "நீ எப்போடா வேட்டைக்காரன் ஆனே? மெஸ் குழம்பிலே மட்டனைத் தேடினதுதானே உன் வேட்டை?" என்றார். உண்மைதான்.

நம் நாட்டில் 1972-ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம். அது சரியும்கூட. நான் இருக்கும் ஊரில் கதை வேறு. நவம்பர் முதல் வாரம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர், பல் டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கறிதான் பல வீடுகளில் குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு. என் பக்கத்து வீட்டுப் பெரியவர், நார்வே வம்சாவளி, 1990-இல் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் கதிரியக்க இயற்பியலாளனாக வேலை பார்த்த எனக்கு, துப்பாக்கியும் ஒரு இயற்பியல் கருவியாகத்தான் முதலில் தெரிந்தது.

என் துப்பாக்கி நடுத்தர ரகம். குண்டின் விட்டம் 7 மில்லிமீட்டர். எடை 140 கிரெய்ன், நம் கணக்கில் 9 கிராம். குழாயை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்குச் சுமார் 850 மீட்டர் வேகம். அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 3300 ஜூல் வரும். ஒரு கிலோ எடையை 330 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிற சக்தி. ஆனால் இந்த ஜூல் கணக்கு மானைக் கொல்வதில்லை. குண்டு நெஞ்சுக்குள் எவ்வளவு அகலமாக, எவ்வளவு ஆழமாக வழி போடுகிறது என்பதுதான் கொல்கிறது. நுரையீரலும் இருதயமும் கிழிந்தால் ரத்த அழுத்தம் விழுந்து, சில வினாடிகளில் மான் சாய்ந்துவிடும். இல்லையென்றால் அது ஓடும், மணிக்கணக்கில் வேதனைப்படும்.

அதனால்தான் வேட்டைக் குண்டை முனையில் மிருதுவாகச் செய்கிறார்கள். உள்ளே ஈயம், வெளியே செப்புக் கலவை உறை, மூக்கு மட்டும் திறந்திருக்கும். உடம்பில் பட்டவுடன் மூக்கு பின்பக்கமாக மடிந்து காளான் மாதிரி விரியும். 7 மில்லிமீட்டர் குண்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம் ஆகும். இந்த யோசனைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கல்கத்தாவுக்கு அருகே டம் டம் என்ற ஊரிலிருந்த ஆயுதத் தொழிற்சாலையில் 1890-களில் இப்படி விரியும் குண்டைச் செய்தார்கள். அது மனிதனுக்கு மிகக் கொடுமை என்று 1899-இல் ஹேக் மாநாட்டில் போருக்குத் தடை போட்டார்கள். ஆனால் மினசோட்டாவில் மான் சுட வேண்டுமென்றால் விரியும் குண்டுதான் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. போரில் கொடுமை என்று தள்ளியது, வேட்டையில் கருணை. எனக்கு இது புரிய ஒரு வருடம் பிடித்தது.

1991 அக்டோபர் கடைசியில் ஒரு பெரிய பனிப்புயல். டுலூத் நகரில் மட்டும் 36.9 அங்குலம் பனி. அடுத்த வாரம் வேட்டை தொடங்கியபோது காடு முழுக்க வெள்ளை. நான் வேகம் அதிகம் வேண்டும் என்ற ஆசையில், எடை குறைந்த, உறை மெல்லிய 120 கிரெய்ன் குண்டு வாங்கியிருந்தேன். முப்பது மீட்டரில் ஒரு கலைமான் நின்றது. தோள்பட்டையில் அடித்தேன். விழுந்தது, எழுந்தது, ஓடியது. பனியில் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே பெரியவரும் நானும் இருட்டும்வரை நடந்தோம். ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் தடம் நின்றுவிட்டது. மறுநாளும் தேடினோம். கிடைக்கவில்லை.

பெரியவர் திட்டவில்லை. "குண்டு செய்ய வேண்டியதைத்தான் செய்தது. நீ கொடுத்த வேலைதான் தப்பு" என்றார். மெல்லிய குண்டு அந்த வேகத்தில் தோள் எலும்பில் பட்டு மேலோட்டமாகவே சிதறிவிட்டது. உள்ளே போகவில்லை. விரியாத குண்டு ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும். அதிகம் விரியும் குண்டு தோலுக்கடியிலேயே உடைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலே நிற்பதுதான் குண்டு செய்பவரின் சாமர்த்தியம். ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் 1946-இல் ஒரு மூஸ் மானிடம் இதே பாடத்தைக் கற்றுக்கொண்டுதான், நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி உடைந்தாலும் பின்பாதி உள்ளே போகும்.

மறு வருடத்திலிருந்து 140 கிரெய்ன், கொஞ்சம் கனமான உறை. பதினாறு சீசன், ஒரு மானைக்கூடத் தொலைக்கவில்லை. பெரும்பாலும் குண்டு மறுபக்கம் போய்விடும். எப்போதாவது மறுபக்கத் தோலுக்கு அடியில் நிற்கும். அப்படி எடுத்த ஆறு குண்டுகளைக் கழுவி, மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அழகான காளான்கள். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவேன். எடையும் போட்டு நோட்டில் குறித்திருந்தேன். ஒன்றின் எடை 88 கிரெய்ன்.

நம் பிராக்டிகல் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? கலோரிமீட்டர் பரிசோதனையில் கணக்கு உதைத்தால் நம் பேராசிரியர் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "மிச்சம் எங்கேய்யா போச்சு?" என்பார். 140 போனது, 88 வந்தது. மிச்சம் 52 கிரெய்ன், அதாவது 3.4 கிராம், எங்கே போனது? பதினாறு வருடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பேராசிரியர் என்னை மன்னிக்க வேண்டும்.

2008 மார்ச்சில் பதில் வந்தது. பக்கத்து மாநிலமான வட டகோட்டாவில் வில்லியம் கார்னட்சர் என்ற தோல் நோய் டாக்டர், அவரே வேட்டைக்காரர், ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மான்கறிப் பொட்டலங்களை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தார். பாதிக்கும் மேற்பட்டவற்றில் உலோகத் துகள். செய்தியைப் படித்த அன்று மாலையே, ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கி, என் ஃப்ரீசரில் இருந்த ஒன்பது பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்தேன். நாலில் வெள்ளைப் புள்ளிகள். எலும்புத் துண்டு சாம்பல் நிறமாக, மங்கலாகத் தெரியும். ஈயம் அப்படி இல்லை, நட்சத்திரம் மாதிரி பளிச்சென்று தெரியும். முப்பது வருடம் படம் பார்த்த கண், தப்பாது.

என் மனைவி அந்தக் கொத்துக்கறியில்தான் கோளா உருண்டை செய்வாள். மகள் வீட்டுக்கும் ஒரு பெட்டி நிறையக் கொடுத்து அனுப்பியிருந்தோம். பேத்திக்கு அப்போது இரண்டு வயது. காரில் உட்கார்ந்தபடியே போன் பண்ணினேன். "அந்தக் கறியைத் தொடாதேம்மா" என்றேன். "நேத்துதான்ப்பா செஞ்சேன், பாப்பா ரெண்டு சாப்பிட்டா" என்றாள். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

பேத்தியின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம். அப்போது அபாய அளவு 10. டாக்டர் "கவலை வேண்டாம்" என்றார். அவர்கள் வீடு 1978-க்கு முன் கட்டியது. பழைய பெயிண்டிலும் ஈயம் இருந்திருக்கும். அது மானிலிருந்து வந்ததா, சுவரிலிருந்து வந்ததா, யாரும் சொல்ல முடியாது. ஆனால் 2021-இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அந்த அளவை 3.5 ஆக இறக்கியது. குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுதான் இன்றைய முடிவு. பேத்தி நன்றாக இருக்கிறாள், கல்லூரிக்குப் போகிற வயது. ஆனாலும் அந்த 3 என் நோட்டில் இருக்கிறது.

பிறகு ஆராய்ச்சிகள் வந்தன. 2009-இல் வெளியான ஒன்றில், என்னுடையது போலவே 7 மில்லிமீட்டர் குண்டில் சுட்ட 30 மான்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் நீக்கிய உடம்பில் மட்டும் சராசரி 136 துகள். வழக்கமான கறிக்கடைகளில் கொடுத்து வாங்கிய கொத்துக்கறிப் பொட்டலங்களில் மூன்றில் ஒன்றில் துகள். அதைப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. மினசோட்டா அரசுத் துறை இறந்த ஆடுகளைச் சுட்டுப் பார்த்ததில், வேகமாக விரியும் ரகக் குண்டில் சராசரி 141 துகள். சில துகள்கள் காயத்திலிருந்து ஒரு அடிக்கும் அப்பால். காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்தால் போதும் என்று நினைத்திருந்தோமே, அது போதாது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட டகோட்டாவில் எழுநூறு பேருக்கு மேல் ரத்தம் சோதித்ததில், வேட்டைக் கறி தின்றவர்களுக்குக் கூடுதலாக இருந்தது 0.3 மைக்ரோகிராம்தான். ஊரே விஷம் தின்று சாகவில்லை. பெரியவர்களுக்குச் சின்ன விஷயம். சிறு குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அப்படி விட முடியாது.

கறியோடு கதை முடியவில்லை. குடலைக் காட்டிலேயே போட்டுவிட்டு வருவோம். அதைத் தின்பது கழுகு. செயிண்ட் பாலில் உள்ள மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பறவை மருத்துவ மையத்துக்கு வரும் வெண்தலைக் கழுகுகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு ஈய விஷம். கூட்டம் அதிகம் வருவது மான் சீசனை ஒட்டி. கலிபோர்னியாவின் காண்டர் என்ற ராட்சதப் பிணந்தின்னிப் பறவை 1982-இல் வெறும் 22 ஆகக் குறைந்தது. காப்பாற்றி வளர்த்துக் காட்டில் விட்டால், மறுபடி ஈயத்தில் செத்தது. 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. நம் ஊர்க் கழுகு கதையும் ஞாபகம் வருகிறதல்லவா? மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலி மருந்து கழுகைக் கொன்றது. 2006-இல் கால்நடைக்குத் தடை வந்தது. ஊசி போட்டவருக்குக் கழுகு மேல் கோபமா என்ன? மாட்டோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்தார். நானும் மானோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

2008 நவம்பரில் முழுச் செப்புக் குண்டுக்கு மாறினேன். பெரியவர் சிரித்தார். "ஊசி மாதிரி துளைச்சிட்டுப் போகும். 1991 மறந்து போச்சா?" என்றார். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான். செப்பு ஈயத்தைவிட எடை குறைந்தது, கடினமானது. விரிய வேகம் வேண்டும். அதனால் 120 கிரெய்ன் எடுத்தேன். 200 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்று முடிவு செய்தேன். எழுபது மீட்டரில் ஒரு பெண் மான். சுட்டேன். அசையவே இல்லை, பிறகு பாய்ந்து புதருக்குள் மறைந்தது. எனக்குக் கை நடுங்கியது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்தார். அறுபது அடி தூரத்தில் கிடந்தது, இரண்டு நுரையீரலும் போயிருந்தது. மறு வருடம் ஒரு கிடா மானின் தோலுக்கடியில் குண்டு கிடைத்தது. நாலு இதழ் விரிந்த பூ மாதிரி. தராசில் வைத்தேன். 119 கிரெய்ன்.

பெரியவர் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "விலை ஜாஸ்தி" என்றார். அந்த சீசன் முழுக்கத் தன் பழைய குண்டையே போட்டார். அடுத்த வருடம் அவரே கதவைத் தட்டி, "என் கொள்ளுப் பேத்திக்குப் பல் முளைச்சிடுச்சு. எந்தப் பெட்டி வாங்கணும்?" என்று கேட்டார். இப்போது அவர் இல்லை. அவருடைய துப்பாக்கியை மகன் வைத்திருக்கிறார், செப்புக் குண்டோடு.

நண்பர்களே, உங்களில் யாரும் மான் சுடப் போவதில்லை. ஆனால் உரம் விற்கிறீர்கள், மருந்து எழுதுகிறீர்கள், சாயப்பட்டறை நடத்துகிறீர்கள், பாட்டரி செய்கிறீர்கள். நம் சரக்கு அதன் வேலையைச் செய்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமாக இல்லையென்றால், நம் பேராசிரியர் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். நான் பதினாறு வருடம் தாமதித்தேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.