பின்னேரம் மைதானத்துக்கு வாருங்கள்



உடுவிலுக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள். கிராம அலுவலரிடம் பதிவு, பிள்ளைகளின் பாடசாலை அனுமதி, காணி உறுதி, கிணறு இறைப்பு என்று உங்களுக்கு ஓய்வில்லாத வேலைகள். அவற்றைப் பற்றி மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் பேச வந்தது வேறு விடயம். பின்னேரங்களில் ஊரில் நடக்கும் விளையாட்டில் நீங்களும் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வது பற்றியது.

“வீடே இன்னும் முடியவில்லை, அதற்குள் விளையாட்டா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதிவு உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்கும், ஊரோடு சேர்க்காது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டுப் புறப்பட்ட பிறகு, சிலர் சில மாதங்களில் திரும்பினார்கள். சிலர் வன்னிக்கும், சிலர் தமிழ்நாட்டு முகாம்களுக்கும் போய் நெடுங்காலம் கழித்து வருகிறீர்கள். அடுத்த வளவில் இருப்பவரின் முகம் தெரியாது. நல்ல மேசன் யார், தண்ணீர் மோட்டர் திருத்துபவர் யார், எந்த வாத்தியார் நன்றாகப் படிப்பிப்பார் என்பதெல்லாம் ஆட்களோடு பழகினால்தான் தெரியவரும். என்ன பேசுவதென்று தெரியாத இருவர் ஒரு மணித்தியாலம் ஒன்றாக இருப்பதற்குப் பந்தைவிட இலகுவான வழி இல்லை.

எங்கள் பக்கத்தில் அநேகமான சனசமூக நிலையங்களோடு ஒரு விளையாட்டுக் கழகமும் இருக்கும். கரப்பந்தாட்டம்தான் முதலிடம். உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் உண்டு. சில ஒழுங்கைகளில் நெற் கட்டிப் பூப்பந்தும் அடிப்பார்கள். வாசிகசாலையில் கரம் பலகை இருக்கும். ஒரு சாமானும் வேண்டாம் என்றால் கிளித்தட்டு இருக்கிறது. நிலத்தில் கோடு கீறினால் போதும்.

“எனக்கு விளையாடத் தெரியாதே” என்று நினைக்க வேண்டாம். கரப்பந்தாட்டம் 1895 இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் என்பவர் உருவாக்கியது. கூடைப்பந்தாட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத நடுத்தர வயதினருக்காகவே அதை அமைத்தார். அதுதான் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. போட்டிக்கு ஆடும்போது நெற் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர் உயரம். பின்னேர விளையாட்டுக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை. வருகிற ஆட்களைப் பார்த்து இறக்கிக் கட்டலாம்.

சேர்வது எப்படி? முதலில் ஒரு நாள் போய் ஓரமாக இருந்து பாருங்கள். ஓவர் கேம் ஆடுகிறார்களா, செற்றப் ஆடுகிறார்களா, புதியவர்களை எந்த நேரம் இறக்குகிறார்கள் என்று தெரியும். அடுத்த நாள் கொஞ்சம் முந்திப் போங்கள். நெற் கட்டக் கைகொடுங்கள். வெளியே போன பந்தை எடுத்துக் கொடுங்கள். பிறகு “தம்பி, நானும் சேரலாமோ?” என்று கேளுங்கள். அநேகமாக இல்லையென்று சொல்லமாட்டார்கள். பந்து வாங்கச் சிறு காசு சேர்ப்பார்கள். இப்போது இயலாவிட்டால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மைதானம் கூட்டுவதும் கோடு போடுவதும்கூடப் பங்களிப்புத்தான்.

உங்கள் குறிச்சியில் கழகம் எங்கே என்று தெரியாவிட்டால் கிராம அலுவலரைக் கேளுங்கள். உடுவில் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரையும் கேட்கலாம். புதிய கழகம் தொடங்கிப் பதிவதற்கும் அவரிடமே போக வேண்டும். ஒரு கழகத்தில் எந்தப் பக்கத்து ஆட்கள், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து உங்களை ஒதுக்கினால், மனம் கசந்து வீட்டில் இருந்துவிட வேண்டாம். அவருக்கும் எங்களுக்கும் அறிவியுங்கள்.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு சொல். உங்கள் பேச்சைக் கேட்டு முதல் கிழமை சிரிப்பார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள். ஆட்டம் சூடுபிடித்தால் யாரும் பேச்சைக் கவனிப்பதில்லை. தாய் தகப்பனும் கவனியுங்கள். பகிடி எல்லை மீறினால் கழகத்தின் மூத்த ஆளிடம் அமைதியாகச் சொல்லுங்கள்.

அம்மாமாரே, தங்கச்சிமாரே, மைதானம் ஆண்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த காணி இல்லை. மாதர் சங்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் கிழமையில் இரண்டு பின்னேரம் உங்களுக்கென்று ஒதுக்கலாம். வலைப்பந்தாட்டம், எல்லே, கிளித்தட்டு எதுவும் ஆடலாம். இருட்டுமுன் முடியுங்கள், ஒன்றாக வந்து ஒன்றாகப் போங்கள். 2009 இலும் 2018 இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் ஆடிய தர்ஜினி சிவலிங்கம், பக்கத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்தவர். “பெண் பிள்ளைக்கு ஏன் பந்து?” என்று யாரும் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

வயது போனவர்களுக்கும் இடம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் ‘பிக்கிள்போல்’ பற்றிச் சொல்லியிருக்கலாம். 1965 இல் அமெரிக்கத் தீவொன்றில், பூப்பந்துச் சாமான் கிடைக்காத ஒரு குடும்பத்தார் கைக்கு அகப்பட்ட பலகை மட்டையையும் ஓட்டைப் பந்தையும் வைத்துத் தொடங்கிய விளையாட்டு அது. களம் இருவர் இருவராக ஆடும் பூப்பந்துக் களத்தின் அளவுதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். நெற் ஏறத்தாழ மூன்றடி உயரம். தாத்தாவும் பேத்தியும் ஒரே பக்கம் ஆடலாம். இருக்கிற பூப்பந்துக் களத்தில் நெற்றை இறக்கிக் கட்டி நாங்களும் ஆடிப் பார்க்கலாம்.

காலையோ கையையோ இழந்தவர்கள் தயங்க வேண்டாம். நிலத்தில் இருந்து ஆடும் கரப்பந்தாட்டம் பராலிம்பிக்கிலேயே இருக்கிறது. ஆண்களுக்கு நெற் 1.15 மீற்றர்தான். செயற்கைக் கால் தேவையானவர்களும் பழையது பொருந்தாதவர்களும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் விசாரியுங்கள். நீரிழிவு, இருதய வருத்தம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

இரண்டு விடயங்களை மறக்க வேண்டாம். ஒன்று, புதிதாக மைதானம் வேண்டுமென்று பற்றை பிடித்த காணியை நீங்களாகத் துப்புரவாக்க வேண்டாம். காணி யாருடையது, பாதுகாப்பானதா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். இனந்தெரியாத பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி உடனே அறிவியுங்கள். பந்து உள்ளே போனாலும் போகட்டும்.

மற்றது, கூட ஆடுபவரிடம் “எங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள்?” என்று முதல் நாளே கேட்க வேண்டாம். இங்கேயே இருந்தவர்களுக்கும் சொல்ல முடியாத கதைகள் உண்டு. சொல்ல வேண்டுமென்று தோன்றும்போது அவர்களே சொல்வார்கள்.

இந்தக் கிழமைக்குள் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்துச் சனசமூக நிலையம் வரை நடந்து போங்கள். ஆடாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பேரின் பெயரையாவது தெரிந்துகொண்டு வாருங்கள்.