மாமாக்கள் வந்துபோகும் வீடு



1972இல் நோபல் பரிசு பெற்ற ஜேர்மனிய எழுத்தாளர் ஹைன்ரிஷ் பொல், 1954இல் வெளியிட்ட நாவல் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதன் பெயரை ‘காவலர் இல்லாத வீடு’ எனத் தமிழாக்கலாம். நான் அதை ஆங்கிலத்திலேயே வாசித்தேன்.

இரண்டாம் உலகப் போரில், கிழக்குப் போர்முனையில் தந்தையரை இழந்த இரு பள்ளித் தோழர்கள். மார்ட்டினின் குடும்பத்துக்கு ஜாம் தொழிற்சாலை உண்டு, பணக்கவலை இல்லை. ஹைன்ரிஷின் தாய் பேக்கரியில் வேலை செய்கிறாள். அவளோடு வாழ வரும் ஆண்களை அவன் ‘மாமா’ என்று அழைக்க வேண்டும். எரிச், கேர்ட், கார்ல், லியோ என மாமாக்கள் மாறுகிறார்கள். நமது பேச்சில் மாமா என்பது தாயின் சகோதரனுக்குரிய உரிமைச் சொல். அந்தச் சிறுவனுக்கோ அது, எப்போது புறப்படுவார் என்று தெரியாத ஒருவரின் பெயர்.

அவள் ஏன் மறுமணம் செய்யவில்லை? அன்றைய மேற்கு ஜேர்மனியில் போர் விதவை மறுமணம் செய்தால் மாதாந்த ஓய்வூதியம் நின்றுவிடும். ஆகவே பலர் பதிவுத் திருமணமின்றியே சேர்ந்து வாழ்ந்தனர். அதற்கு ‘மாமா மணம்’ என்ற பொருளில் ஒரு சொல்லே அங்கு வழங்கியது. பள்ளியில் சமய பாடம் இதனை ‘ஒழுக்கக்கேடு’ என்கிறது. அச்சொல்லை மனனஞ் செய்யும் சிறுவன், வீட்டுக்கு வந்து தாயின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளின் கள்ளமின்மை பறிபோவதை எழுதும் பலர், கதவிடுக்கால் கண்ட ஒரு காட்சியோடு நின்றுவிடுவர். பொல் கணக்குக் கொப்பியைத் திறக்கிறார். இதுவே நாவலின் பெருஞ்சாதனை என்பேன். மிகச் சிறு வயதிலேயே கறுப்புச் சந்தையில் பேரம் பேசப் பழகிய ஹைன்ரிஷ், வீட்டின் வரவு செலவைத் தானே பார்க்கிறான். பாண், மாஜரின், வாடகை. தாய்க்குப் பற்கள் கட்ட வேண்டும். அந்தப் பெருந்தொகைக்கு எங்கே போவது? பிள்ளைக்குரிய பயத்தையும் அவன் இலக்கங்களாகவே அறிகிறான்.

மார்ட்டினின் தந்தை ஒரு கவிஞர். அவரைச் சாவுக்கு அனுப்பிய அதிகாரி, போருக்குப்பின் கவிதை பற்றிச் சொற்பொழிவாற்ற வருகிறான். பழையதை மறப்பதே அவன் கொள்கை. அந்தப் பகுதி சற்று நீண்டுவிட்டது என்பது என் எண்ணம். ஆனால் ஹைன்ரிஷ் வரும் பக்கங்களில் ஒரு வரியும் மிகையில்லை. முடிவில் தாய் பேக்கரிக்காரனிடம் போகத் தீர்மானிக்கிறாள். வீட்டுச் சாமான்கள் தெருவுக்கு வருகின்றன. அயலவர் பார்த்து நிற்க, சிறுவன் தன் தங்கையோடு நிற்கிறான்.