வரியா? கடமையா?



"பிள்ளைகள் பெற்றோருக்குக் கொடுப்பது வரியா? கடமையா?" இதுதான் தலைப்பு. எதிரணியிலே பேசிய சகோதரி ஒரு போடு போட்டாங்க. "இங்கிலீஷ்ல சுங்கத்துக்கும் டூட்டிதான், கடமைக்கும் டூட்டிதான். ரெண்டுமே கட்டாயம். அப்புறம் வரின்னே சொல்லிட்டுப் போங்களேன், என்ன கெட்டுப் போச்சு?"ன்னு கேட்டுட்டு உட்கார்ந்துட்டாங்க.

நடுவர் அவர்களே, நான் அம்பத்தூர்க்காரன். எங்க பக்கம் டூட்டிக்கு மூணு அர்த்தம் உண்டு. ஆவடி டேங்க் பேக்டரியிலே வேலை பார்க்கிறவர் வீட்டுக் கதவைத் தட்டினா, "அவரு டூட்டிக்குப் போயிருக்காரு"ன்னு அந்தம்மா சொல்லுவாங்க. அது வேலை. "பெத்தவங்களைப் பார்த்துக்கிறது உன் டூட்டிடா"ன்னு பெரியவங்க சொன்னா அது கடமை. மீனம்பாக்கத்திலே வந்து இறங்குற மாப்பிள்ளை "டூட்டி ஃப்ரீ"ன்னு சொன்னா அது தீர்வை இல்லாத கடை. மாமனார் அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, "என்னது, மாப்பிள்ளைக்கு டூட்டியே கிடையாதா?"ன்னு பயந்துட்டா நாம பொறுப்பில்லே! (சிரிப்பு)

இந்த வித்தியாசத்தை நான் புத்தகத்திலே படிக்கலே. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அம்பத்தூர் தனி நகராட்சியா இருந்த காலம். 2011லேதான் அது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதுக்கு முன்னாடியே கடனை உடனை வாங்கி ஒரு சின்ன வீடு வாங்கினேன். பத்திரம் பதியும்போது முத்திரைத் தாளுக்கே பெரிய தொகை போச்சு. "அப்பாடா, சர்க்காருக்குக் கட்ட வேண்டியது முடிஞ்சது"ன்னு நிம்மதியா வந்தேன். கொஞ்ச நாள் கழிச்சு வரி கேட்டு ஒருத்தர் வந்தாரு. "அதான் பதியும்போதே கட்டிட்டேனே!"ன்னு நான் சண்டைக்கே போயிட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "சார், அது முத்திரைத் தீர்வை. வீடு கை மாறின அந்த ஒரு தடவைக்கு. இது சொத்து வரி. வீடு உங்க பேர்ல இருக்கிற வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை கட்டணும். பதிவு பண்ணிக் கொடுத்ததுக்கு வாங்கினது கட்டணம், அது தனி." முனைவர் பட்டம் வாங்கின எனக்கு நடுத்தெருவிலே பாடம் நடத்திட்டாரு!

அவர் சொன்னதிலே தமிழும் இருக்கு. தீர்வைங்கிற சொல் 'தீர்' என்ற வேரிலே பிறந்தது. கட்டினா தீர்ந்தது. சரக்கு துறைமுகத்தைத் தாண்டும்போது சுங்கத் தீர்வை. பொருள் ஆலையிலே உற்பத்தியானால் ஆயத்தீர்வை. பத்திரம் எழுதினால் முத்திரைத் தீர்வை. ஏதோ ஒண்ணு நடக்கணும், அப்பதான் தீர்வை. வரி பெரும்பாலும் அப்படி இல்லை. வருமானம் இருக்கா, வரி. வீடு இருக்கா, வரி. இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப வரும்.

கோடு எல்லா இடத்திலேயும் பளிச்சுன்னு இருக்காதுங்க. நம்ம மாகாணமே இதுக்காகக் கோர்ட்டுக்குப் போயிருக்கு. 1937லே ராஜாஜி சேலத்திலே மதுவிலக்கு கொண்டுவந்தாரு. கள்ளு சாராயத்திலே வந்துக்கிட்டிருந்த கலால் வருமானம் போச்சு. ஈடுகட்ட 1939லே பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. கடலை எண்ணெய் ஆட்டுற ஒரு நிறுவனம் எதிர்த்தது. "உற்பத்தி பண்ணினவன் விற்கும்போது வாங்கினால் அது ஆயத்தீர்வைதானே? அதை விதிக்கிற உரிமை மத்திய அரசுக்குத்தானே?"ன்னு வழக்கு. 1942லே பெடரல் கோர்ட், இல்லை, ரெண்டும் வேறன்னு தீர்ப்புச் சொன்னது.

எப்படி வேறே? எண்ணெய் செக்கிலேயிருந்து இறங்கினதும் ஆயத்தீர்வை பிறந்துடும். வித்தால்தான் விற்பனை வரி பிறக்கும். ஆட்டின எண்ணெயிலே முதலாளி வீட்டிலே வடை சுட்டுச் சாப்பிட்டாலும் ஆயத்தீர்வை கேட்கலாம். விற்பனை வரி கேட்க முடியாது! (கைதட்டல்) 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது எங்க அம்பத்தூர் பட்டறைகளிலே இந்த ரெண்டு கணக்கும் பெரும்பாலும் ஒண்ணாச்சு. பெட்ரோலுக்கு இன்னும் ரெண்டும் தனித்தனியாத்தான் நிக்குது.

சரி, கடமைக்கு வர்றேன். சகோதரி இங்கிலீஷ்ல தேடினதை நான் சோழர் கல்வெட்டிலே காட்டுறேன். 1070லே பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்'னு பேரு. வாசலிலே மறிச்சு வாங்குறதை விட்டவன், நிலத்தை விட்டானா? இல்லை. 1086லே நாட்டு நிலத்தையெல்லாம் அளக்க வெச்சான். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளிலே அரசனுக்குச் செலுத்துற நிலவரிக்கு என்ன பேரு தெரியுமா? 'கடமை'! ஆமாங்க, வரிக்கே கடமைன்னு பேர் வெச்சான் தமிழன். 'கடன்' என்ற சொல்லோடு பிறந்தது கடமை. அதாவது பிடுங்கப்படுறது இல்லே, பட்ட கடன்.

எதிரணி நண்பர்கள் உடனே, "பார்த்தீங்களா, வரியும் கடமையும் ஒண்ணுதான்னு அவரே ஒத்துக்கிட்டாரு"ம்பாங்க. அவசரப்படாதீங்க. என் வீட்டுக் கதையைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

விரிவுரையாளரா வேலைக்குச் சேர்ந்த புதுசு. நான் அம்பத்தூர்லே. அப்பா காலமான பிறகு அம்மா பூந்தமல்லியிலே தனியா. ஒரு மணி நேர பஸ் பயணம்தான். ஆனா எனக்குக் கல்லூரி, பரீட்சைத் தாள், பட்டிமன்றம். அதனாலே மாசம் பிறந்தா ஐந்நூறு ரூபாய் மணியார்டர் அனுப்பிடுவேன். ஒரு மாசம் தவறினதில்லே. நான் ரொம்ப ஒழுங்கான பிள்ளைன்னு எனக்கே பெருமை.

ஒரு பொங்கலுக்குப் போனேன். அம்மா ஒரு மஞ்சப்பையை எடுத்து என் முன்னாலே கவிழ்த்தாங்க. எல்லாம் மணியார்டர் சீட்டு. அதிலே சேதி எழுத ஒரு இடம் விட்டிருப்பாங்களே, அத்தனையிலும் அது வெறுமையா இருந்தது. அம்மா கோபப்படலே. அமைதியாச் சொன்னாங்க:

"மாசாமாசம் வரி ஒழுங்கா வந்துடுதுப்பா. உன் கையெழுத்துலே ஒரு வரிதான் வரமாட்டேங்குது."

நடுவர் அவர்களே, நான் தமிழ்ப் பேராசிரியர். 'வரி'ங்கிற சொல்லுக்கு எத்தனை பொருள்னு வகுப்பிலே நடத்துறவன். மூணாம் வகுப்போடு நின்ன எங்கம்மா அன்னைக்கு எனக்குப் பாடம் நடத்தினாங்க. தலை நிமிர முடியலே.

அடுத்த மாசத்திலேயிருந்து பணத்தை நானே கொண்டுபோனேன். அம்மா கையால சாப்பிட்டுட்டுத்தான் திரும்புவேன். அதே ஐந்நூறு ரூபாய்தான். தபால்காரர் கொடுத்தபோது வரி. நான் போய்க் கொடுத்தபோது கடமை. இன்னைக்கு அம்மா இல்லே. அந்த மஞ்சப்பை மட்டும் எங்க வீட்டு பீரோவிலே இருக்கு.

ஆக, தீர்வை கட்டினால் தீரும். வரி கட்டினாலும் திரும்ப வரும். கடமை தீரவே தீராது. இப்பல்லாம் மணியார்டர் இல்லே, போன்லே ஒரு தட்டு தட்டினா பணம் போயிடுது. தட்டுங்க, வேண்டாங்கலே. தட்டின கையோடு ஒரு வார்த்தை பேசுங்க. பெத்தவங்க வரி வசூல் பண்றவங்க இல்லே. நம்ம வரவை எதிர்பார்த்து வாசலிலே நிக்கிறவங்க.

ஆகவே பிள்ளைகள் பெற்றோருக்குக் கொடுப்பது வரி அல்ல, கடமையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.