தப்பு விடையையும் கொஞ்சம் பாருங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கில் அதிக மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்கு நம் சங்கம் ஆண்டு விழாவில் பரிசு கொடுத்து வருகிறது. அதைப் பற்றி ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். நான் ஆசிரியர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சாயங்காலங்களில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன், மாலையில் கணக்கு டேலி ஆகாவிட்டால் நாங்கள் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். அது ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகம் வரும். 450 என்பதை 540 என்று எழுதினால் வித்தியாசம் 90. இரட்டைப்படைத் தொகை என்றால், அதில் பாதி, பற்றில் போக வேண்டியது வரவில் போய்விட்டதா என்று தேடுவோம். என்ன மாதிரித் தப்பு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிள்ளைகள் கணக்கிலும் இதுதான் வேண்டும். 0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். 0.35 என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. இது கவனக்குறைவு இல்லை. 4ஐ விட 35 பெரியது என்று யோசித்துத்தான் சொல்கிறது. நாமும் ‘புள்ளி முப்பத்தைந்து’ என்றுதானே வாசிக்கிறோம்? ‘புள்ளி மூன்று ஐந்து’ என்று வாசிக்க வேண்டும். காசை வைத்து விளக்கலாம் என்றால், 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூனோடு போய்விட்டன. தையல் டேப்பை எடுத்து, 0.4 மீட்டர் என்றால் 40 சென்டிமீட்டர், 0.35 மீட்டர் என்றால் 35 சென்டிமீட்டர் என்று காட்டினால் பிடித்துக்கொள்கிறார்கள்.

இப்போது அதே பிள்ளைக்குக் கேள்வித்தாளில் 0.75, 0.4 வந்தால் என்ன ஆகும்? 0.75 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடும். நினைப்பு தப்பு, விடை மட்டும் சரி! புள்ளிக்குப் பின் இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் முதல் கேள்வியில் தப்பித்து, இரண்டாவதில் மாட்டுவார்கள். ஆகவே இரண்டு விதமாகவும் கேட்டு, ‘எப்படிச் சொல்றே?’ என்றும் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40, பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று வழியிலேயே பார்ப்பதற்கு. நடப்பில் அது சார்ட் ஒட்டுவதில் முடிந்துவிடுகிறது. சில சார்ட்டுகளில் அம்மாவின் கையெழுத்து அழகாக இருக்கிறது. ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது, ஐம்பது நோட்டைத் திருத்துகிறவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் எங்கே உட்கார்ந்து கேட்பது?

வீட்டில் கேட்கலாம். விடைத்தாள் வந்தால், மொத்தத்தைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன், தப்பான ஒரு கணக்கைக் காட்டி, “எப்படிப் போட்டே?” என்று கேளுங்கள். சரியான கணக்கு ஒன்றையும் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே திட்டு என்று நினைத்துக்கொள்ளும். “எனக்குக் கணக்கு வராது தாத்தா” என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்த வயதில் அப்படி முடிவு செய்துகொண்டால், பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது.

கமிட்டிக்கு என் வேண்டுகோள்: இந்த வருடம் மதிப்பெண் பட்டியல் கேட்காதீர்கள். விருப்பமுள்ள பிள்ளை மேடைக்கு வந்து, ஏதாவது ஒரு கணக்கை நமக்கு விளங்கும்படி போர்டில் விளக்கட்டும். பேசிய எல்லாருக்கும் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் கொடுப்போம். போர்டும் சாக்பீஸும் என் பொறுப்பு. பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகளைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்னிடம் அனுப்புங்கள்.